திருவாளர் மேற்படி

(தொழிலாளர் படிப்பு வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)



சென்ற வகுப்புகளில் பஞ்சப்படி, குத்தகை, கூலி என்று கனமான விஷயங்களைப் பேசினோம். இன்றைக்குக் கொஞ்சம் சிரிக்கலாம் என்று நினைக்கிறோம். பேசப் போவது பழைய ஜனத்தொகைக் கணக்கைப் பற்றி. அதில் என்ன சிரிப்பு என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது.

நம் வீட்டுச் சங்கதியிலிருந்தே தொடங்குவோம். வாக்காளர் ஜாபிதாவைப் பிரித்துப் பார்க்காதவர் இங்கே யார்? மருமகளுக்கு வயது ஐம்பது, மாமியாருக்கு முப்பத்திரண்டு என்று அச்சாகியிருக்கும். மீசை வைத்த செல்லமுத்து, 'செல்லம்மாள், பெண்' என்று ஆகியிருப்பார். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அதே பிழை சேமநிதிக் கணக்கில் விழுந்திருந்தால் சிரிப்பு வராது. ஓர் எழுத்தைத் திருத்த ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும்.

இதே கூத்து இங்கிலாந்தில் கோடிக்கணக்கான பெயர்களில் நடந்திருக்கிறது. அங்கே இப்போது சாதாரண ஜனங்கள் தங்கள் பாட்டன், பூட்டன் யார், என்ன வேலை செய்தார்கள் என்று தேடுவதில் பெரும் ஆர்வம் காட்டுகிறார்கள். பிரபு வம்சத்தானுக்கு இந்தத் தேடலே தேவையில்லை. அவன் வம்சாவளி அச்சடித்த புத்தகமாக அலமாரியில் இருக்கிறது. பஞ்சாலையில் நூல் முடிந்தவனுக்கும், பிறர் வயலில் களை எடுத்தவளுக்கும் புத்தகம் ஏது? மாதாகோயில் ரிஜிஸ்டரில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வரி. அதற்கு மேல் அவர்களைப் பற்றி எழுதி வைத்த தஸ்தாவேஜு என்றால் முக்கியமாக இந்த ஜனத்தொகைக் கணக்குத்தான்.

இங்கிலாந்தில் 1801 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் நான்கு தடவையும் பெரும்பாலும் தலை எண்ணியதோடு சரி. 1841 ஜூன் 6ஆம் தேதி எடுத்த கணக்கில்தான் நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து விடுகிறார்கள். 1921ஆம் வருஷக் கணக்கை 2022 ஜனவரியில் திறந்தார்கள். 1931 கணக்கு 1942 டிசம்பரில் கிட்டங்கியில் தீப்பிடித்துச் சாம்பலாகிவிட்டது. 1941இல் யுத்தம் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை.

இந்தக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள், பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கணக்கெடுப்பவர் முன்கூட்டியே வீட்டுக்கு வீடு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போவார். குடும்பத் தலைவர் நிரப்பி வைக்க வேண்டும். 1841இல் இங்கிலாந்தின் கல்யாண ரிஜிஸ்டர்களில் மூன்று ஆண்களில் ஒருவரும், இரண்டு பெண்களில் ஒருவரும் கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் தாளை யார் நிரப்புவது? கணக்கெடுப்பவரே வாசலில் நின்று கேட்டு எழுதுவார். பிறகு எல்லாத் தாள்களையும் பார்த்து ஒரு நோட்டில் பிரதி எடுப்பார். மூலத் தாள்களை அழித்துவிட்டார்கள். 1901 வரைக்கும் இன்று கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பிரதி நோட்டுத்தான். அந்த நோட்டைப் படம் பிடித்தார்கள். படத்தைப் பார்த்து இன்னொருவர் டைப் அடித்தார். அதைத்தான் இன்றைக்குப் பேரன் தேடுகிறான். வாயிலிருந்து காது, காதிலிருந்து கை, கையிலிருந்து இன்னொரு கை. கிணற்றுத் தண்ணீரை நாலு குடம் மாற்றிக் கொண்டு வந்தால் வழியில் கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்?

இனி வேடிக்கைக்கு வருவோம்.

நம் கணக்குப்பிள்ளைகள் ஒரே விஷயத்தைத் திரும்ப எழுத அலுத்துக்கொண்டு 'மேற்படி' என்று போடுவார்கள். இங்கிலீஷ்காரர் அதற்கு 'டிட்டோ' என்பார்; சுருக்கமாக 'டூ' என்று இரண்டே எழுத்து. தகப்பனுக்கு ஸ்மித் என்று எழுதிவிட்டு, பெண்டாட்டி, ஏழு பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பார் அந்தக் காலத்துக் கணக்கெடுப்பவர். நூறு வருஷம் கழித்துப் பிரதி எடுத்தவர் அதை அப்படியே குடும்பப் பெயர் என்று அடித்துவிட்டார். ஆகவே அந்த அட்டவணைகளைத் திறந்தால் மேரி டிட்டோ, வில்லியம் டிட்டோ என்று ஒரு பெருங்குடும்பமே கிளம்புகிறது. நம் பாஷையில் சொன்னால், திருவாளர் மேற்படி, திருமதி மேற்படி, குழந்தைகள் மேற்படி. வாரிசுகள் எங்கே என்று தேடினால் ஒருவரும் இல்லை!

அந்த நாள் கையெழுத்தில் இரட்டை 'எஸ்' வந்தால் முதல் எஸ்ஸை நீளமாக இழுத்து, 'எஃப்' மாதிரி போடுவது வழக்கம். அதனால் ஜெஸ்ஸி என்ற பெண் 'ஜெஃப்ஸி' ஆனாள். ராஸ் குடும்பம் 'ராஃப்ஸ்' குடும்பம் ஆயிற்று. தாமஸ், ஜேம்ஸ், ஜான் போன்ற பெயர்களைச் சுருக்கி எழுதுவார்கள். ஜேம்ஸின் சுருக்கத்தில் ஒரு எழுத்தின் வளைவு சற்றே மூடிக்கொண்டால் அவர் ஜோசப் ஆகிவிடுவார். ஒரே வீட்டில் இரண்டு ஜோசப்பா என்று கொள்ளுப்பேரன் மண்டையை உடைத்துக்கொள்கிறான்.

காது செய்த பிழை இன்னொரு ரகம். லண்டனிலும் லங்காஷயரிலும் உழைப்பாளி ஜனங்களின் பேச்சில் முதலெழுத்தாக வரும் 'ஹ' ஓசை நிற்காது. ஹன்னா என்பவள் தன் பெயரை 'அன்னா' என்றுதான் சொல்வாள். ஹாரிஸ், 'ஆரிஸ்' என்பான். எழுதுகிறவர் கேட்டபடி எழுதினார். நம்மில் எத்தனை பேர் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறோம்! நம் வாயிலிருந்து கேட்டு ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சத்தால் பிழைப்புத் தேடி லிவர்ப்பூலிலும் மான்செஸ்டரிலும் வந்து இறங்கிய அயர்லாந்து ஏழைகளின் பெயர்கள் பட்ட பாடு அதுதான்.

வயதுக் கதை எல்லாவற்றையும் விட விசேஷம். 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதினால் போதும் என்று உத்தரவு. முப்பத்தொன்பது வயதுக்காரர் முப்பத்தைந்து ஆவார். அடுத்த கணக்கில், 1851இல், அவருக்கு நாற்பத்தொன்பது. பத்து வருஷத்தில் பதினாலு வயது ஏறிவிட்டது! கூலி வேலை செய்தால் ஏறாதா என்று நீங்கள் கேட்பீர்கள், அதுவும் நியாயம்தான். கைக்குழந்தையின் வயதை மாதக் கணக்கில் எழுதியிருப்பார்கள். பிரதி எடுத்தவர் மாதத்தை வருஷமாக்கிவிட்டால், நாலு மாதக் குழந்தைக்கு நாலு வயது, அதன் அக்காளுக்கு மூன்று வயது. போதாக்குறைக்கு, லண்டனில் தொகை கூட்டிய குமாஸ்தாக்கள் எண்ணி முடித்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் கோடு இழுத்தார்கள். கோடு வயதின் மேலேயும் தொழிலின் மேலேயும் விழுந்தது. அதன் அடியில் இருப்பது மூன்றா எட்டா என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

தொழில் கலத்துக்கு வருவோம். நம் பஞ்சாலைத் தோழர்கள் இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கார்டிங்கில் நிற்பவர் இங்கிலீஷில் 'கார்டர்'. குதிரை வண்டி ஓட்டுபவர் 'கார்ட்டர்'. எழுத்தில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கைபிசகினால் ஆலைக்குள்ளே பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் செத்தவர் வெளியே காற்று வாங்கி வண்டி ஓட்டியவராக ஆகிவிடுவார். 'மியூல் ஸ்பின்னர்' என்று ஒரு தொழில். மியூல் என்றால் கோவேறு கழுதை. சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் செய்து முடித்த நூற்கும் இயந்திரத்துக்கும் அதுதான் பெயர். தெரியாதவர் படித்தால், கழுதை மயிரில் நூல் நூற்றவர் என்று நினைத்துக்கொள்வார். துணி அச்சடிக்கும் ஆலையில் உருளையில் ஒட்டிய மிச்சச் சாயத்தை வழிக்கும் தகட்டுக் கத்திக்குப் பெயர் 'டாக்டர்'. அந்தக் கத்தியைச் செய்கிறவர் தம் தொழிலை எழுதினால் டாக்டர்களை உற்பத்தி செய்கிறவர் போலத் தெரியும். இரும்பு உலைக்கு உள்பூச்சாகப் போடும் கசடுக்கு 'புல்டாக்' என்று பெயர். அதைச் சுடுகிறவரை நாயைச் சுடுகிறவர் என்று நினைத்து நடுங்கியவர்கள் உண்டோ என்னவோ! ஆலைச் சிறுவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடுகிறது. 'ஸ்காவெஞ்சர்' என்று எழுதியிருந்தால், அது தெருக்கூட்டும் வேலை அல்ல. ஓடுகிற இயந்திரத்தின் அடியில் தவழ்ந்து பஞ்சுக் கழிவைப் பொறுக்கும் குழந்தையின் வேலை.

விவசாயக் கூலியைப் பற்றி எழுதத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. 1841இல் சர்க்காரே சுருக்கெழுத்து வகுத்துக் கொடுத்தது. விவசாயக் கூலிக்கு 'ஆக் லாப்' என்று எழுதினால் போதும். பக்கம் பக்கமாக, கிராமம் கிராமமாக, ஆக் லாப், ஆக் லாப், மேற்படி, மேற்படி. உழவு ஓட்டியவன், ஆடு மேய்த்தவன், வேலி கட்டியவன், வாய்க்கால் வெட்டியவன் எல்லாருக்கும் அதே அரை வார்த்தை. வம்சாவளி தேடுகிற இங்கிலீஷ்காரர்கள் இன்றைக்கும், "எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஆக் லாப்" என்று பேச்சிலேயே சொல்லிக்கொள்கிறார்கள்.

இதில் நாம் எல்லாரும் அறிந்த ஒருவரும் மாட்டியிருக்கிறார். 1851 மார்ச் 30ஆம் தேதிக் கணக்கு. லண்டன் சோஹோ பேட்டை, டீன் தெரு, 28ஆம் எண் வீடு. குடித்தனக்காரர் பெயர்: சார்லஸ் மார்க். தொழில்: டாக்டர், தத்துவ நூலாசிரியர். மார்க்ஸ் என்று தேடுகிறவருக்கு இந்த ஆள் லேசில் கிடைக்க மாட்டார். பெயரின் வாலை யார் நறுக்கியது, சொன்னவரின் ஜெர்மன் உச்சரிப்பா, எழுதியவரின் அவசரமா, சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த சார்லஸ் மார்க் பழிக்குப் பழி வாங்கினார் என்றே சொல்லலாம். அதே சர்க்கார் வெளியிட்ட 1861ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் அந்தத் தொகைகள் இருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விவசாயத் தொழிலாளர் 10,98,261. நெசவு, நூற்பு ஆலைகளில் எல்லாமாக 6,42,607. நிலக்கரி, உலோகச் சுரங்கங்களில் 5,65,835. வீட்டு வேலைக்காரர்கள் எத்தனை பேர்? 12,08,648. ஆலைத் தொழிலாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 12,08,442. இயந்திர யுகம், இயந்திர யுகம் என்று முழங்கிய நாட்டில், ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்களைக் காட்டிலும் பணக்காரன் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்கள் 206 பேர் அதிகம்! பெயர்களை ஆயிரம் தப்பாக எழுதிய அதே நோட்டுகளிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை வந்தது. தனி ஆளைத் தேடினால் பிழை முன்னால் வந்து நிற்கும். லட்சக்கணக்கில் கூட்டினால் உருவம் தெரியும்.

உருவமும் முழுசாகத் தெரிவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். பெண்களின் தொழில் கலத்தைப் பாருங்கள். லங்காஷயரில் தறி ஓட்டிய பெண்ணுக்குப் பெரும்பாலும் தொழில் எழுதியிருக்கும். வீட்டிலிருந்தபடியே சட்டை தைத்தவள், பிறர் துணி வெளுத்தவள், அறுவடைக்கு மட்டும் வயலுக்குப் போனவள் கலம் பல இடங்களில் வெறுமையாகக் கிடக்கிறது. 1841க்குப் பிறகு அந்த நூற்றாண்டு முழுவதும் கணக்கெடுத்தது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். ஆகஸ்டு மாதத்து அறுவடைக் கூலிக்காரி ஏப்ரலில் எப்படித் தெரிவாள்? 1881இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வீட்டு வேலையில் மூழ்கியிருந்த மனைவிமார்களை 'தொழில் இல்லாதோர்' என்ற வகுப்பில் தள்ளினார்கள். எழுத்துப் பிழையைப் படித்துச் சிரிக்கலாம். வெறுங்கலத்தைப் படித்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1911இல், ஓட்டுரிமை தராத சர்க்காருக்குக் கணக்கும் கிடையாது என்று பலர் மறுத்துவிட்டார்கள். எமிலி வைல்டிங் டேவிசன் என்ற வீராங்கனை ஏப்ரல் 2ஆம் தேதி இரவு பார்லிமெண்டுக் கட்டடத்தின் நிலவறைக் கோயிலில், ஒரு அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்து, பார்லிமெண்டில் தங்கியவர் என்று எழுதினார்கள். அவர் குடியிருந்த வீட்டுக்காரியும் தன் தாளில் அவர் பெயரை எழுதிவிட்டாள். ஓட்டு ஒன்றுகூட இல்லாத பெண்மணிக்குக் கணக்கில் இரண்டு தலை!

இனிமேல் சொல்லப் போவது நமக்கு ரொம்ப நெருங்கிய சங்கதி. 1901ஆம் வருஷக் கணக்கை நூறு வருஷம் கழித்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிவு செய்தார்கள். மூன்று கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். யார் டைப் அடிப்பது? முதலில் பிரிட்டிஷ் சிறைச்சாலைக் கைதிகளிடம் வேலையைக் கொடுத்தார்கள். குறித்த காலத்துக்குள் முடியாது என்று தெரிந்ததும் பெரும்பகுதியை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். 2002 ஜனவரி 2ஆம் தேதி திறந்தார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லட்சம் பேர் வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கூட்டம் அதைப் பல மடங்கு மிஞ்சியது. சில நாளிலேயே கடையைச் சாத்திவிட்டுப் பல மாதம் கழித்துத்தான் ஒழுங்காகத் திறந்தார்கள்.

திறந்ததும் பிழைகளைப் பார்த்துக் கேலியும் கோபமும் கிளம்பின. ஆங்கிலேயர் பெயர் தெரியாத அந்நிய தேசத்தாரிடம் கொடுத்தால் வேறென்ன ஆகும் என்றார்கள். தோழர்களே, இங்கே நாம் அந்தத் தட்டச்சுத் தொழிலாளிக்காக இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். தெற்கே எங்கோ ஒரு அறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். மங்கிய படம். செத்துப்போன ஒரு குமாஸ்தாவின் கிறுக்கல். பார்த்தறியாத ஊர், கேட்டறியாத தொழில். அவசரமோ கழுத்தை நெரிக்கிறது. யார்க்‌ஷயரில் ஒரு குக்கிராமத்தின் பெயரை அவர் எப்படி அறிவார்? இங்கிலீஷ் எழுத்து, இங்கிலீஷ் பெயர் என்று பார்த்து வளர்ந்த இங்கிலாந்துத் தொண்டர்களும் 1881 கணக்கைப் பிரதி எடுத்தபோது பிழை செய்தார்கள்தான். பொறுப்பு யாருடையது? குறைந்த செலவில் சீக்கிரம் முடிக்கச் சொன்னவர்களை விட்டுவிட்டு, கடைசிக் கையைப் பிடித்து முறுக்குகிறார்கள். ஆலையில் நூல் அறுந்தால் மட்டமான பஞ்சு வாங்கிய முதலாளியைக் கேட்காமல் சைடரைக் கேட்பது போலத்தான் இது.

எண்ணிப் பார்க்க விசித்திரமாக இருக்கிறது. ஓல்டாம் ஆலையில் நின்ற ஒருத்தியின் பெயரை நூறு வருஷம் கழித்து நம் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்து அடித்திருக்கலாம். அந்த ஆலைத் துணி வந்துதான் நம் கைத்தறிக்காரன் வயிற்றில் அடித்தது என்பதும் அந்தப் படத்தில் எங்கும் எழுதியிருக்காது.

எழுத்துப் பிழை நம்மவர் பெயரை நிரந்தரமாக மாற்றிய கதையும் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'டுரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். கப்பல் ஜாபிதாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பெயர், தகப்பன் பெயர், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. குமாஸ்தா காதில் விழுந்தபடி கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். அந்தப் பெயர்களைத்தான் அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் சுமக்கிறார்கள். சிலர் அந்த ஜாபிதாவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து கிராமத்தைத் தேடுகிறார்கள். எழுதியிருக்கும் பெயரில் எந்தப் படத்திலும் ஊர் இல்லை. நாலு பெரியவர்களிடம் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் ஒருவர், "அட, இது நம்ம பக்கத்து ஊரப்பா!" என்பார். கண்ணுக்குத் தெரியாதது சில சமயம் காதுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஜாபிதாவாவது அவர்களுக்கு இருக்கிறது. இங்கேயே தங்கிவிட்ட நமக்கு? சென்னை மாகாணத்தில் 1871இல் முதல் பெரிய கணக்கு, 1881இல் இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் கணக்கு. தொகையைக் கூட்டி முடித்ததும் வீட்டு வாரித் தாள்களை அழித்துவிடுவதே வழக்கமாக இருந்தது. 1948ஆம் வருஷச் சட்டப்படி கணக்கெடுப்புத் தாள்களை யாரும் பார்வையிட முடியாது. நாம் சொன்ன விவரத்தைப் போலீசும் பண்ணையாரும் புரட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்துப் பேரன் மாதிரி நம் பேரன் நூறு வருஷம் கழித்துத் தேடி, சிரிப்பதற்குக்கூட ஒரு பிழை கிடைக்காது.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள். வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் உட்கார்ந்து, தாத்தா பாட்டி பெயர், ஊர், பார்த்த வேலை, எந்த வருஷம் எங்கிருந்து இந்த ஊருக்கு வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். படிக்கத் தெரியாத தோழர்களுக்கு ஆலை வாசல் வாலிபர்கள் எழுதிக் கொடுப்பார்கள். எழுதி முடித்ததும் சொன்னவரிடமே உரக்கப் படித்துக் காட்டுங்கள். பாட்டி என்ன வேலை செய்தாள் என்ற கலத்தைக் காலியாக விடக்கூடாது. நாற்று நட்டாளா, கல் உடைத்தாளா, ரீலிங்கில் நின்றாளா, அதையே எழுதுங்கள். கை வலித்தாலும் 'மேற்படி' மட்டும் போட வேண்டாம்.